காரை இறக்கினால் வீல் அலைன்மென்ட்டை எப்படி வைப்பது? சேலம்–ஏற்காடு ஓட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் காரை இறக்க, அதாவது ஸ்பிரிங் மாற்றி வண்டியின் உயரத்தைக் குறைக்க, நினைப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு இறங்கும்ணே?" இரண்டாவது, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" இறங்கிய பிறகு சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய வண்டியில் வசதி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. சில மாதம் கழித்து டயரின் உள்பக்கம் மழித்ததுபோல் தேய்ந்து கம்பி எட்டிப்பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

அலைன்மென்ட்டில், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதில், திருப்பிக் கொண்டுவர முடிகிற அளவுக்கு மட்டும் இறக்குங்கள் என்பது என் கட்சி. ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். இங்கே நான் மனதில் வைத்திருப்பது நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்விஃப்ட், ஐ20, போலோ, சிட்டி மாதிரி வண்டிகளை. முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் ட்விஸ்ட் பீம் ஆக்சில் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்). பின்னால் மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பல ஆர்ம்) உள்ள வண்டிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

இறக்கினால் கோணம் ஏன் மாறுகிறது

மூன்று கோணம் தெரிந்தால் போதும். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரத்தின் முன்முனைகளும் உள்ளே குவிந்திருந்தால் டோ-இன், விரிந்திருந்தால் டோ-அவுட். பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருப்பது காஸ்டர். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பெனி உயரத்தில், சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழே சரிந்திருக்கும். வண்டி இறங்கும்போது அது கிடைமட்டத்துக்கு வருகிறது, அதன் வெளிமுனையில் உள்ள பால் ஜாயின்ட் வெளியே தள்ளப்படுகிறது, கேம்பர் நெகட்டிவ் ஆகிறது. இது ஒரு எல்லை வரைதான். ஆர்மும் ஸ்ட்ரட்டின் சாய்வும் செங்கோணமாகும் இடத்தைத் தாண்டினால் கேம்பர் மறுபடி பாசிட்டிவ் பக்கம் திரும்பும். அதனால் அளவுக்கு மேல் இறக்கிய வண்டி, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது வெளிச்சக்கரத்துக்குக் கிடைக்க வேண்டிய கேம்பரை இழக்கிறது. கூடவே ரோல் சென்டரும் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடைமையத்தை விட அதிகமாகக் கீழே போகிறது. இறக்கினாலே வளைவில் ஒட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

டயரை உண்மையில் தின்பது டோ. பழி மட்டும் கேம்பர் மேல் விழும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே வளைவில் ஏறி இறங்குவதில்லை. அதனால் உயரம் மாறியதும் டோ மாறிவிடும், பெரும்பாலான வண்டிகளில் டோ-அவுட் பக்கம். 15 இஞ்ச் ரிம்மில் 1 மில்லிமீட்டர் டோ என்றால் ஏறக்குறைய 9 மினிட், அதாவது 0.15 டிகிரி. மொத்தம் 3 மில்லிமீட்டர் டோ-அவுட் இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு முன்சக்கரமும் சுமார் 4 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டும். கேம்பர் உள்விளிம்பில் எடையை ஏற்றிவைக்கிறது, டோ அதே விளிம்பை ரோட்டில் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் புது டயர்கூட ஒரு வருஷம் தாங்காது.

1. வாங்குவதற்கு முன்

ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். 30 இறக்கினால் 133. நான்கு பேர் ஏறி டிக்கியில் பை வைத்தால் இன்னும் குறையும். இந்திய சாலைக் குழும விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டிய வேகத்தடை என்றால் தப்பித்துவிடலாம். நம் தெருக்களில் அளவே இல்லாமல் குவித்து வைத்திருப்பவைதான் அடியைத் தட்டும். அதனால் தினசரி ஓட்டத்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டரைத் தாண்டாதீர்கள். இந்த அளவில் பல வண்டிகளில் கேம்பர் கம்பெனி வரம்பின் ஓரத்திலாவது நிற்கும், டோவை டை ராடில் சரிசெய்துவிடலாம்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே வைப்பது பாதி வேலை. 30 மில்லிமீட்டர் இறக்கினால் ஷாக் அமுங்குவதற்கு இருந்த இடத்தில் 30 போய்விடுகிறது, அது பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் இடியைத் தாங்கும் கட்டை) போய் இடித்துக்கொண்டே இருக்கும். இறக்கிய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்த ஷாக்குகள் உண்டு. பில்ஸ்டைனின் பி8 வரிசை அந்த வகை. காயில்ஓவர் என்ற ஸ்பிரிங்–ஷாக் செட்டை வாங்கினால் உயரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வசதியே பலரை அளவுக்கு மேல் இறக்க வைக்கிறது. ஒரு முறை உயரம் மாற்றினால் ஒரு முறை அலைன்மென்ட். அதில் சமரசம் கிடையாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது, கேஸ் கட்டரில் சூடாக்கி உட்கார வைப்பது இரண்டும் வேண்டாம். வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையை விட்டே நழுவலாம். சூடாக்கியதில் இரும்பின் பதம் போய்விடும், ஒரு பக்கம் முன்னே உட்கார்ந்து மறுபக்கம் பின்னே உட்காரும். அப்படிப்பட்ட வண்டியை எந்த மெஷினில் ஏற்றினாலும் நேராக்க முடியாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றம் அதில் வருமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், கிளெய்ம் நிற்குமா என்று இன்சூரன்ஸ்காரரிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கழற்றுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

வண்டி கம்பெனி உயரத்தில் இருக்கும்போதே ஒரு தடவை நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்து, பிரின்ட் வாங்கி வையுங்கள். பிறகு ஏதாவது இழுத்தால், அது இறக்கியதால் வந்ததா, முன்பே எங்கோ குழியில் இறங்கி வளைந்த ஆர்மிலிருந்து வந்ததா என்று இந்தத் தாள் சொல்லிவிடும். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தியதும் சக்கரத்தை 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட் (டை ராடின் சக்கரப் பக்க முனை) போயிருக்கலாம். 12, 6 இடத்தில் அந்த ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மின் இணைப்பில் உள்ள ரப்பர்) வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்ந்த புஷ் வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், மெஷின் காட்டுவது ஒன்று, பிரேக் பிடிக்கும்போது ரோட்டில் நடப்பது வேறொன்று.

3. மாட்டும்போது கைக்குள் இருக்கும் இரண்டு விஷயங்கள்

முதலாவது புஷ். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர், உள்ளிருக்கும் குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கிவிட்டால் உள்குழாய் நகராது, ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கி நெளியும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியையும் மேலே தூக்கிப் பிடிக்கும், உயரமே தப்பாகக் காட்டும். எனவே ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியை அதன் எடையில் நிறுத்தி (ராம்ப் மேல் நிறுத்தலாம், அல்லது ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து நீங்கள் குறித்த புது உயரத்துக்குத் தூக்கலாம்), அப்புறம் டார்க் ரென்ச்சில் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். பின் ஆக்சில் பீம் புஷ்ஷைத் தளர்த்தியிருந்தால் அதற்கும் இதே கதைதான். அவசரத்தில் விட்டுப்போகும் வேலைகளில் இதுதான் முதலிடம், பக்கத்திலேயே நின்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் துண்டு) சேர்க்கும் இரண்டு போல்ட். ஓட்டையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். இறுக்கும்போது சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடித்தால் நெகட்டிவ் கேம்பர் சற்றுக் குறையும், உள்ளே தள்ளினால் கூடும். இரண்டு பக்கமும் ஒரே திசையில் பிடித்து இறுக்குங்கள். ஒரு பக்கம் இப்படியும் மறுபக்கம் அப்படியும் இறுக்கினால் இடம் வலம் கேம்பர் வித்தியாசம் அங்கேயே பிறந்துவிடும். இந்த ஆட்டம் போதாதென்றால் கேம்பர் போல்ட் போடலாம். நடுவில் கோணலான தண்டு உள்ள அந்தப் போல்ட்டைத் திருப்பினால் கிட் பொறுத்து ஒன்று, ஒன்றரை டிகிரி வரை கேம்பர் நகரும்.

4. அன்றைக்கே ஒரு தோராய டோ

மாட்டி முடித்ததும் ஷெட்டிலிருந்து அலைன்மென்ட் கடைக்குப் போகும் தூரத்தைக்கூட டயர் பொறுக்காது என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஸ்பிரிங் அமர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்படியே ஓட்டுவது தப்பு. தரையில் நூல் கட்டிப் பார்த்தாலே போதும். வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில், முன்னும் பின்னும் ஸ்டாண்ட் வைத்து நூல் இழுங்கள். இரண்டு நூலுக்கும் இடையே உள்ள தூரம் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், வண்டி சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்கேலில் அளங்கள். முன் விளிம்புத் தூரம் அதிகமென்றால் டோ-இன், குறைவென்றால் டோ-அவுட். பூஜ்யத்துக்குப் பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஜாக்கியை இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷன் விறைத்து நிற்கும். வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கி விட்டுவிட்டு அளங்கள்.

5. அமர விடுங்கள்

300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டினால் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் உட்கார்ந்துவிடும். மறுபடி டேப் வைத்து அளந்து, இடம் வலம் உயரத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

6. அலைன்மென்ட் கடையில்

சங்ககிரி, நாமக்கல் லாரிகள் ஓடும் நம் பக்கத்தில் அலைன்மென்ட் கடைக்குப் பஞ்சமில்லை. நீங்கள் தேட வேண்டியது நான்கு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் அளக்கும் மெஷினும், "செட்டிங் நாங்களே போடுவோம்" என்று சொல்லாமல் நீங்கள் கொண்டுவரும் எண்ணைக் கேட்கும் ஆளும். ராம்ப்பில் ஏறும்போதே முன் பம்பர் தட்டும் என்பதால் இரண்டு பலகைத் துண்டு எடுத்துப் போங்கள். டயர் குளிர்ந்த நிலையில் காற்று நிரப்பியிருக்கட்டும். டிக்கியில் தேவையில்லாத மூட்டை வேண்டாம். பெரும்பாலும் தனியாகவே ஓட்டுபவர் என்றால் டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு ஏதாவது ஏற்றி வைக்கலாம்.

கிளாம்ப் மாட்டியதும் வண்டியை உருட்டி ரன்-அவுட் பார்க்கச் சொல்லுங்கள். ரிம்மில் இருக்கும் நெளிவு, கோணத்தில் கலந்துவிடாமல் இருக்க இது வேண்டும். அப்புறம் வரிசை: பின்சக்கரம் முதலில், முன்சக்கரம் பிறகு. முன்பக்கத்தில் காஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. பீம் ஆக்சிலில் பின்பக்கம் திருகு வைத்துச் சரிசெய்ய எதுவும் இல்லை. இறக்கினாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆனாலும் அளக்க வேண்டும், ஏனென்றால் பின்சக்கரங்கள் சேர்ந்து வண்டியை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதை வைத்துத்தான் முன்சக்கரத்தை நேராக்குகிறார்கள். பின்னால் ரொம்பத் தவறியிருந்தால் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் தகடு வைக்கலாம்.

டோ வைக்கும்போது குனிந்து ஒன்றைப் பாருங்கள். டை ராட் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருப்பும்போது, ஸ்டீயரிங் ராக் மேலிருக்கும் ரப்பர் உறையான பூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதன் சிறிய கிளிப்பை முதலில் தளர்த்தி, ராட் மட்டும் சுழலும்படி விட வேண்டும். முறுக்கிய பூட் சில மாதத்தில் கிழிந்து, மண்ணும் தண்ணீரும் ராக்குக்குள் போகும், அப்புறம் செலவு வேறு லெவல். இரண்டு பக்க ராடையும் சம அளவில் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டி நேராக்குகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் முடிந்ததும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

பிறகு திரையில் எல்லாம் பச்சையாகும். "எல்லாம் பச்சை வந்துருச்சு சார்" என்பார்கள். அந்தப் பச்சை கம்பெனி உயரத்துக்கு எழுதிய வரம்பு, அதுவும் அகலமானது. இடது கேம்பர் வரம்பின் ஒரு ஓரத்திலும் வலது மறு ஓரத்திலும் நின்றால்கூட இரண்டும் பச்சைதான், ஆனால் வண்டி நெகட்டிவ் குறைவாக இருக்கும் பக்கம் இழுக்கும். எண்ணைப் படியுங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். சரிசெய்வதற்கு முன், சரிசெய்த பின் என இரண்டு நிலையும் உள்ள பிரின்ட் வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

என்ன எண் வைப்பது

நகருக்குள்ளும், என்.எச். 44-லும், மாதத்துக்கு ஓரிரு முறை ஏற்காடும் ஓடும் வண்டிக்கு நான் கேட்பது இவை. முன் கேம்பர் மைனஸ் 0.8 முதல் மைனஸ் 1.3 டிகிரிக்குள், இடம் வலம் வித்தியாசம் 0.3-க்கு மேல் போகக் கூடாது. முன் மொத்த டோ பூஜ்யம் முதல் 0.10 டிகிரி டோ-இன் வரை. சும்மா நிற்கும்போது டோ-அவுட் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் வைக்கிறார்கள் என்றால் அவர்கள் டயரைச் செலவுக் கணக்கில் எழுதியவர்கள். காஸ்டர் இந்த வண்டிகளில் பொதுவாகத் தனியாக மாற்ற முடியாது. ஆனால் பின்னைவிட முன்னை அதிகம் இறக்கினால் மூக்கு தாழ்ந்து காஸ்டர் குறையும், வளைவிலிருந்து வரும்போது ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்பும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கும் செட் வாங்குவது இதற்காகத்தான்.

மல்டி லிங்க் வண்டிகள், உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், இறங்கும்போது பின்சக்கரத்தில் நெகட்டிவ் கேம்பரும் டோவும் நன்றாகவே மாறும். கம்பெனி கொடுத்த திருகு எல்லைக்குள் அடங்காவிட்டால் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் போட்டே ஆக வேண்டும். அந்தக் காசையும் ஸ்பிரிங் பட்ஜெட்டிலேயே சேர்த்து வைத்துவிட்டு முடிவெடுங்கள்.

7. ரோட்டில் சோதிப்பது

முதலில் ஓமலூர் பக்கம் நேரான ரோட்டில், 60–80 வேகத்தில் ஸ்டீயரிங்கை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். நம் ரோடு தண்ணீர் வடிய இடது பக்கம் சரிந்திருக்கும், மெதுவாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. பிடுங்கிக்கொண்டு போனால் திரும்பக் கடைக்கு.

ஏற்காடு மலைப்பாதையை அடுத்த சோதனையாக வையுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் ஏறக்குறைய கடைசி வரை ஒடியும், சக்கரம் ஒரே நேரத்தில் திரும்பவும் மேலே அமுங்கவும் செய்யும். ஃபெண்டர் லைனரில் (சக்கரத்துக்கு மேலே உள்ள உள் உறை) டயர் உரசும் சத்தம் இங்கேதான் கேட்கும். ரேடியோவை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்குங்கள். ஆளில்லாமல் உரசவில்லை என்றால் அத்தோடு விடாதீர்கள், பின்சீட்டில் ஆளை ஏற்றியும் பாருங்கள். மேலே போனதும் லைனரில் பளபளப்பான தேய்ப்பு இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கலாம்.

இறங்கும்போது வேறொன்று தெரியும். எடை முன்னே வந்திருக்கும், லேசாக பிரேக் பிடித்தபடி ஒட்டுப்போட்ட தார் மேல் போகும்போது ஸ்டீயரிங் கையில் வெடுக்கென்று இழுத்தால் அது பம்ப் ஸ்டீயர். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் டோ மாறுகிறது என்று அர்த்தம். இதை எந்த அலைன்மென்ட் மெஷினும் தீர்க்காது, அது நின்ற நிலையைத்தான் அளக்கிறது. ஒன்று டை ராட் எண்டின் உயரத்தை மாற்றும் கிட் போட வேண்டும், அல்லது வண்டியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். தூக்குவது மலிவு.

பின் பிரேக் அழுத்தத்தை ஆக்சில் உயரம் பார்த்துக் கூட்டிக் குறைக்கும் வால்வு பழைய சில மாடல்களில் உண்டு. இறக்கிய வண்டியை அது சுமை ஏற்றிய வண்டி என்று நினைத்துப் பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் அனுப்பும். இறக்கத்தில் பின்சக்கரம் முந்தி லாக் ஆனால் வண்டி சுற்றிவிடும். அந்த வால்வின் கம்பியைப் புது உயரத்துக்குச் சரிசெய்யாமல் மலைப்பக்கம் போகாதீர்கள். ஹெட்லைட் உயரத்தையும் பார்த்துவிடுங்கள், முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் ஒளி வேறு இடத்தில் விழும்.

8. பிறகு

5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அலைன்மென்ட், பெரிய குழியில் விழுந்தால் உடனே. இடையில் உங்கள் உள்ளங்கையே மெஷின். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து நிறுத்தி, முன் டயரின் பட்டன்கள் மேல் குறுக்காகத் தடவுங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பம் மாதிரி பிடித்து, உள்ளிருந்து வெளியே வழுக்கிக்கொண்டு போனால் டோ-அவுட். எதிராக இருந்தால் டோ-இன். தடவலில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால்தான் கேம்பர் மேல் பழி போடலாம். உள்விளிம்பு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஜாக்கி போடும் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தின் தடத்தை ஆழமானியில் அளந்து வெளிப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தால் டயரை முன்–பின் மாற்றிப் போடுவதற்கு முன் டோவைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல ஜோடியும் அதே வழியில் போய்விடும்.